தரகுபேட்டையில் முழுங்கிய கல்

சிக்பேட்டையில் ஒரு பட்டுக்கடை வாசலில் நின்று தலைகளை எண்ணினேன். பன்னிரண்டு. சரியாக இருந்தது. குடையை உயர்த்திப் பிடித்து, "எல்லாரும் இப்படி ஓரமா வாங்க" என்று பேச்சையும் ஆரம்பித்துவிட்டேன். அதன் பிறகுதான் என் மகள் செல்வி அங்கே இல்லை என்பது தெரிந்தது. அவளுக்கு அப்போது எட்டு வயது.

வாக்கிங் டூருக்குப் புதிதாகப் போடப்பட்டிருக்கும் கைடுகளுக்காக இதை எழுதுகிறேன். செல்வி இப்போது காலேஜில் படிக்கிறாள். அவள் வரும் பஸ் பத்து நிமிடம் தாமதமானாலும் நான் தெருமுனைக்குப் போய் நிற்பது இந்த ஒரு நாளால்தான்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. எங்கள் கம்பெனியின் சீனியர் கைடுகள் விருந்தாளிகளைக் காரில் ஏற்றி லால்பாக்கையும் அரண்மனையையும் காட்டுவார்கள். எனக்குக் கிடைத்தது யாரும் விரும்பாத நடை டூர். கோட்டை வாசலில் தொடங்கி, தானியம் விற்கும் தரகுபேட்டை, பட்டு விற்கும் சிக்பேட்டை, வளையல் விற்கும் பாலேபேட்டை என்று இரண்டரை மணி நேரம். போகப்போக எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. பெங்களூர்க்காரர்களே தினமும் தாண்டிப்போகும் சந்துகளில் நின்று, "இதைப் பாருங்கள்" என்று சொல்வதில் ஒரு சுகம் உண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவி தங்கவயலில் அண்ணன் வீட்டில் இருந்தாள். செல்வியைத் தனியாக விட மனமில்லாமல் கூட்டிப்போனேன். விருந்தாளிகள் மெட்ராஸிலிருந்து வந்த பன்னிரண்டு பள்ளி ஆசிரியர்கள். அவர்களில் மூத்த தலைமையாசிரியை ஒருவரை மற்றவர்கள் பெரிய டீச்சர் என்று கூப்பிட்டார்கள்.

கோட்டையிலேயே நேரம் போய்விட்டது. ஆளுக்கொரு கேள்வி. தரகுபேட்டை வந்தபோது அரை மணி நேரம் தாமதம். அங்கே ஒரு சந்துக்குள் பழைய வீரக்கல் ஒன்று உண்டு. கையில் வாளோடு ஒருவன், காலடியில் மாடுகள். மாட்டைக் காக்கப் போய்ச் செத்தவன் என்பார்கள். பெயர் யாருக்கும் தெரியாது. பக்கத்தில் பூ விற்கிறவர்கள் மஞ்சள் பூசி, தினமும் ஒரு முழம் சாத்துவார்கள்.

அந்தக் கல்லை நான் முழுங்கினேன். நேரம் போதாதபோது ஓர் இடத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டு நடப்பதற்கு எங்கள் ஆபீஸில் அப்படித்தான் பெயர். அது இருப்பதே விருந்தாளிக்குத் தெரியாது, அப்புறம் எப்படிக் கேட்பார்? நல்ல கைடு முழுங்கினால் ஏப்பம்கூட வராது என்று எங்களுக்குள் கேலி பேசிக்கொள்வோம்.

சந்துக்குள் திரும்பாமல் நேரே சிக்பேட்டைக்கு நடந்தேன். செல்வி அதுவரை எனக்கு முன்னால்தான் ஓடிக்கொண்டிருந்தாள். என் கண் பின்னால் வருகிறவர்கள் மேல் இருந்தது. எங்கள் தொழிலில் கண் அங்கேதான் இருக்கும்.

"என் பொண்ணைக் காணோம்" என்றேன். ஓர் ஆசிரியர் கடைக்குள் ஓடிப் பார்த்தார். ஒரு ஜட்கா வண்டிக்காரரிடம் விசாரித்தேன்.

"நீல கவுனா சாப்? இந்தப் பக்கம் வரலை. வந்திருந்தா என் குதிரைகிட்ட நின்னிருக்கும். எந்தப் பிள்ளையும் நிக்காமப் போகாது."

கோட்டை வாசலுக்கே திரும்பி ஓடப் பார்த்தேன். பெரிய டீச்சர் குடையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்.

"ஓடாதீங்க தம்பி. யோசிங்க. அடுத்து எங்க போறோம்னு அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. வீட்டுல நான் ஒத்திகை பாக்குறப்ப அவதான் விருந்தாளி. எல்லாம் வரிசையா மனப்பாடம்."

"அப்ப சொல்லுங்க. அந்த வரிசையில இன்னிக்கு ஏதாவது விட்டீங்களா?"

பன்னிரண்டு பேர் முன்னால், காசு கொடுத்து வந்தவர்களிடம், ஏமாற்றினேன் என்று எப்படிச் சொல்வது என்று ஒரு மூச்சு நேரம் தயங்கினேன். குழந்தையைக் காணாத நேரத்தில் மானத்தைப் பார்த்தேன். அவள் தொலைந்ததைவிட அந்தத் தயக்கம்தான் இன்றும் என்னை உலுக்குகிறது.

"ஒரு கல்லை விட்டுட்டேன்மா" என்றேன்.

"கல்லு எங்க? நடங்க."

பன்னிரண்டு பேரும் என் பின்னால் ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். சந்துக்குள் திரும்பியதும் நீல கவுன் தெரிந்தது. செல்வி வீரக்கல்லுக்குப் பக்கத்தில் நின்று, பூக்கார அம்மாவிடம் கன்னடத்தில் என்னவோ பேசிக்கொண்டிருந்தாள். தலையில் யாரோ வைத்துவிட்ட கனகாம்பரம்.

"ஏன் சார், உங்க புட்டியா, இந்தப் பொண்ணு?" என்றார் பூக்கார அம்மா. "அப்பா இங்கதான் வருவாரு, வந்தே தீருவாருன்னு நகரவே மாட்டேங்குது. இருவது வருஷமா இந்தச் சாமிக்குப் பூ வெக்கிறேன். மாட்டைக் காப்பாத்தின கதையெல்லாம் இதுதான் எனக்குச் சொல்லுது!"

நான் அவளைத் தூக்கிக்கொண்டேன். "ஏன்டி தொலைஞ்ச?" என்று கத்தினேன்.

"நான் தொலையலப்பா. நீங்கதான் வரல."

ஆசிரியர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இவ்வளவு தூரம் ஓடி வந்தாச்சு, கல்லைப் பத்திச் சொல்லிடுங்க" என்றார் பெரிய டீச்சர். குழந்தையைக் கீழே இறக்காமலே சொன்னேன். இரண்டு இடத்தில் மறந்துபோய், செல்வி என் காதில் எடுத்துக்கொடுத்தாள்.

ஆபீஸில் மேனேஜர் காத்திருந்தார். "ஏன்ரீ, முக்கால் மணி லேட்டு? ரோடு போட்டுக்கிட்டே வந்தீங்களா?" நடந்ததை அப்படியே சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர், "குழந்தை சாப்பிட்டுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

சொந்தக் குழந்தையை டூருக்குக் கூட்டிப்போகாதீர்கள். கூட்டிப்போனால் அதையும் சேர்த்து எண்ணுங்கள். இது ஒன்று.

இன்னொன்று, முழுங்காதீர்கள். நேரமில்லை என்றால், "இந்தச் சந்துக்குள் பெயர் தெரியாத ஒருவனுக்கு நட்ட கல் இருக்கிறது, இன்று விட்டுவிடுகிறோம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் அன்றிலிருந்து அப்படித்தான் சொல்லி வருகிறேன். சரி, விடுங்கள் என்று இதுவரை ஒரு விருந்தாளியும் சொன்னதில்லை.