மீசையில்லாத முகம்

மகனுக்கு மொட்டை போட அம்மையார்குப்பத்திலிருந்து திருத்தணி மலைக்குப் போயிருந்தோம். மூன்று வயது மகன் என் தோளில் தூங்கிவிட்டதால், வேண்டுதல்படி என் கணவர் முதலில் உட்கார்ந்தார். முடியோடு மீசையையும் எடுத்துவிட்டார். குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு நான் பால் வாங்கப் போனேன்.

திரும்பி வந்தால் ஒரே கூட்டம். நடுவில் என் கணவர். கண் விழித்த குழந்தைக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. "நைனாகிட்ட போவணும்" என்று அந்த நைனாவின் பிடியிலிருந்தே திமிறி அலறிக்கொண்டிருந்தான்.

"என் புள்ளதாங்க" என்று அவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை.

"டிவில காட்டிகினே இருக்காங்களே, கோயில் கூட்டத்துல புள்ளைங்கள தூக்கறாங்கன்னு. இவன்தான்" என்றார் கட்டையோடு நின்ற ஒருவர். என் கணவரின் சட்டை ஏற்கெனவே கிழிந்திருந்தது. சிலர் போனில் படம் எடுத்தார்கள். முட்டி மோதி உள்ளே நுழைந்தேன். மகன் "அம்மா" என்று என்மேல் தாவினான். அதனால்தான் தப்பித்தோம்.

"முன்னாடியே வந்து சொல்லக்கூடாதாமா?" என்று கட்டைக்காரர் என்னைக் கடிந்துகொண்டார்.

வீடு வந்து சேர்வதற்குள் அந்த வீடியோ என் போனுக்கு வந்துவிட்டது. 'திருத்தணியில் சிக்கிய பிள்ளை பிடிப்பவன்.' அனுப்பியவள் என் நாத்தனார், அவருடைய சொந்தத் தங்கை. "அண்ணி, புள்ளைய பத்திரமா பாத்துக்கோங்க" என்றும் எழுதியிருந்தாள்.

அப்படிப்பட்ட வீடியோக்களை இப்போது நான் யாருக்கும் அனுப்புவதில்லை. கூட்டத்தின் ஓரத்தில் பால் டம்ளரோடு ஒருத்தி ஓடி வருகிறாளா என்றுதான் தேடுகிறேன்.