திரையில் ஒளிர்ந்த பெயர்

எண்பதுகளின் கடைசியில் பழவேற்காட்டு மீனவர் சங்கம் ஒன்றுக்கு நான் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். ஏரியில் நல்ல மீன் விழும் இடத்தில் வலை போட வீட்டுக்கு ஒரு நாள் முறை. அதைப் பாடு என்பார்கள். பட்டியலில் அன்றைய முறைக்காரரின் பெயரைப் புரோகிராமே தேர்ந்தெடுத்துத் திரையில் ஒளிரச் செய்யும்.

ஒருமுறை, அந்த வாரம் இறந்துபோன கன்னியப்பனின் பெயரை நான் நீக்கியிருந்தேன். அவர் இடத்துக்கு அடுத்த வீட்டு மாரியின் பெயர் ஏறிவிட்டது. மறுநாள் காலை, கன்னியப்பனின் மனைவி செல்லம்மா, வலை சுமந்த தம்பியோடு வந்து நின்றார்.

"இன்னிக்கு எங்க பாடு. இன்னா சார், உன் பொட்டி என் வூட்டையே முழுங்கிடுச்சா?"

"அவர்தான் இறந்துட்டாரேம்மா" என்றேன்.

"ஆளுதான் பூட்டாரு. அடுப்பு எரியுது இல்ல?"

அங்கே நின்றிருந்த மாரி சிரித்தார். "அண்ணி பாடுதான் சார். பொட்டி சொல்லுச்சுன்னு நான் போனா, என் பொஞ்சாதியே சோறு போடமாட்டா."

நான் பெயரைத் திரும்பச் சேர்த்தேன். திரையில் அது ஒளிர்ந்தது.

படிக்கத் தெரியாத செல்லம்மா குனிந்து பார்த்தார். "அதான் அவரு பேரா?"

"ஆமாம்மா."

பிறகு பெரிய அலுவலகங்கள் பலவற்றுக்குப் புரோகிராம் எழுதிவிட்டேன். இறந்தவர் பெயரைச் சரியாகத் தேர்ந்தெடுத்த அந்தப் புரோகிராமைத்தான் இன்றும் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.