இரும்புச் சுவரின் ஆரஞ்சுச் சட்டை

"தரையில விழுந்து பந்து பொறுக்கறதெல்லாம் சின்ன ஆளுங்க வேலை. இந்த ஷாமினி விழமாட்டா. வேணும்னா முட்டியப் பாரு, ஒரு கீறல் இருக்கா?"

மலேசியாவின் கிள்ளானில் ஒரு திடலோரம், கையில் ஐஸ் மைலோ கோப்பையுடன், தோழிகள் முன்னிலையில் இந்த அறிவிப்பு வெளியானது. அறிவித்தவள் ஷாமினி, லோரி ஓட்டுநர் திருச்செல்வத்தின் ஒரே மகள், மாவட்ட மகளிர் வாலிபால் அணியின் நடுத் தடுப்பாளர். அதாவது, வலைக்கு முன்னால் எகிறி, எதிரணி அடிக்கும் பந்தை இரண்டு கைகளாலும் மறித்து, அடித்தவர் முகத்துக்கே திருப்பி அனுப்புபவள். ஆட்களை அண்ணாந்து பார்த்துப் பழக்கமில்லாத உயரம். 'இரும்புச் சுவர்' என்ற பட்டத்தை அவளுக்கு யார் கொடுத்தார்கள் என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவளே கொடுத்துக்கொண்டாள் என்ற தரப்புக்கு ஆதாரம் அதிகம்.

அறிவிப்பு யாரைப் பார்த்து விடப்பட்டது என்பதையும் பதிவு செய்வது நம் கடமை. சீதாலெட்சுமி. அதே அணியின் லிபரோ. லிபரோ என்பவர் பின்வரிசையில் மட்டுமே ஆடுபவர். தரையைத் தொடப்போகும் பந்தை விழுந்து புரண்டாவது எடுத்துக் கொடுப்பது அவர் பிழைப்பு. வலையருகே கையைத் தூக்கித் தடுப்பது அவருக்குச் சட்டப்படி விலக்கு. நடுவர் கண்ணுக்குச் சட்டெனத் தெரியவேண்டும் என்று அவருக்கு மட்டும் வேறு நிறச் சட்டை.

அந்த நேரம் முழங்காலுக்கு மருந்து தடவிக்கொண்டிருந்த சீதாலெட்சுமி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சரி லா. சுவருக்கு ஏது முட்டி" என்றாள்.

பிறகு சீதாலெட்சுமி உடற்கல்வி ஆசிரியை ஆனாள். ஷாமினியைத் தாய்லாந்தின் ஒரு கிளப் சம்பளத்துக்கு அழைத்தது. போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு ஏற்றுபவர்கள், இறக்குபவர்கள், சும்மா நிற்பவர்கள் என யாருக்கும் இச்செய்தி தெரியாமல் போய்விடக் கூடாதே என்று திருச்செல்வம் தனிக் கவனம் எடுத்துக்கொண்டார்.

தாய்லாந்தில் சுவருக்குச் சோதனை காத்திருந்தது. அங்கே நடுத் தடுப்பாளர்கள் நின்ற வரிசையில் ஷாமினிதான் குள்ளம். முதல் பயிற்சியிலேயே பந்துகள் அவள் விரல்களுக்கு மேலே சாவகாசமாகப் பயணம் செய்தன. கொஞ்சமாகப் பேசும் பயிற்றுநர் அம்மாள் ஒரு வாரம் பொறுமையாகப் பார்த்தார். பிறகு உடைந்த ஆங்கிலத்தில், உயரம் போதாது, ஆனால் கை வேகம், பின்னால் போ என்று சொல்லி ஒரு சட்டையை நீட்டினார். அணிக்கு நீலச் சட்டை. இது ஆரஞ்சு.

விமானம் ஏறி வீட்டுக்கு வந்துவிடலாம், அல்லது அதைப் போட்டுக்கொள்ளலாம். ஷாமினி அன்று குளியலறையில் வெகுநேரம் அழுதாள். பிறகு போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து தினமும் விழுந்தாள். சீதாலெட்சுமியின் மருந்து எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்க ஒவ்வொரு இரவும் வாட்ஸ்அப்பைத் திறந்து, வெட்கப்பட்டு மூடினாள்.

விவகாரம் முற்றியது கிளப் இணையத்தில் வெளியிட்ட அணியின் குழுப்படத்தால். திருச்செல்வம் அதைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தார். எல்லோரும் நீலம், தன் மகள் மட்டும் ஆரஞ்சு. லோரிக்காரர்களின் தர்க்கத்துக்கு இதில் ஒரே முடிவுதான்.

"நீதான் கேப்டனா மா?" என்று செய்தி அனுப்பினார்.

இல்லை என்று தட்டச்சு செய்ய அரை விநாடி போதும். ஷாமினி வெகுநேரம் யோசித்து, ஒரு கட்டைவிரலை அனுப்பினாள். பொய் சொன்னாள் என்று எந்த நீதிமன்றமும் சொல்லாது. ஆனால் அந்த மஞ்சள் கட்டைவிரல் அவள் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தது.

கிள்ளானில் ஒரு சங்கத்தின் தலைவரான சபாபதி அப்போது ஒரு பாராட்டு விழாவுக்கு ஆயத்தமாகியிருந்தார். மண்டபம் பதிவாகியிருந்தது, சாப்பாடு பேசியாயிற்று, பாராட்டப்பட வேண்டிய ஆள் மட்டும்தான் கிடைக்கவில்லை. திருச்செல்வம் அந்தக் குறையைத் தீர்த்துவைத்தார்.

ஆட்டப் பருவம் முடிந்து ஷாமினி கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் வந்திறங்கியதும் தந்தையும் தலைவரும் அவளைப் பக்கத்திலிருக்கும் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனார்கள்.

"பேனர் அடிச்சாச்சு மா," என்றார் சபாபதி, ரசம் ஊற்றிக்கொண்டே. "'தாய்லாந்து அணித் தலைவி, கிள்ளானின் இரும்புச் சுவர்.' அந்த ஆரஞ்சுப் படம்தான் போட்டிருக்கு. கலர் நல்லா தூக்குது."

ஷாமினி பிசைந்த சோற்றை இலையிலேயே விட்டாள். "அங்கிள், நான் கேப்டன் எல்லாம் இல்ல அங்கிள்..."

"பாருங்க பாஸ், பாருங்க!" சபாபதி திருச்செல்வத்தின் தொடையில் தட்டினார். "என்னா தன்னடக்கம்! இதத்தான் நம்ம பிள்ளைங்க கத்துக்கணும்."

தன்னடக்கம் என்று ஒருமுறை முத்திரை விழுந்துவிட்டால், அதற்கு மேல்முறையீடு கிடையாது. மறுக்க மறுக்கப் புகழ் கூடும். தந்தை அவளுடைய அப்பளத்தையும் எடுத்து உடைத்து, அவள் இலையிலேயே வைத்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபின் அவள் குனிந்து அப்பளத்தைத் தின்றாள்.

"அப்புறம் மா, காட்சி ஆட்டம் ஒன்னு இருக்கு. சீதாலெட்சுமி டீச்சர் அவங்க ஸ்கூல் டீமோட வராங்க. நீ நெட்டுல நின்னு தடுக்கற, அவங்க அடிக்கறாங்க. உனக்கு விளையாட்டு மாதிரி லா."

ஊரில் வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும், ஆரஞ்சுச் சட்டைக்கு என்ன பொருள் என்று சீதாலெட்சுமிக்குத் தெரியும்.

விழா நாளன்று சங்க மரபு வழுவாமல் எல்லாம் நடந்தது. சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தார், வராதவர்களுக்கும் வரவேற்புரை வாசிக்கப்பட்டது. செயற்குழுவில் உள்ள ஒவ்வொருவரும் ஆளுக்கொரு பொன்னாடை போர்த்தியாக வேண்டும், புகைப்படமும் எடுத்தாக வேண்டும். எல்லாம் முடிந்தபோது, கிள்ளானின் இரும்புச் சுவருக்குக் கையைத் தூக்கவே முடியவில்லை.

பொன்னாடைகளைக் கழற்றிவைக்க அவள் மண்டபத்தின் பின்பக்கம் போனாள். சீதாலெட்சுமி அங்கே பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க தலைவி. அங்க முட்டிக்கு என்ன பேட் குடுக்கறாங்க? நல்லதா?"

ஷாமினியின் காதுவரை சூடேறியது. "எப்ப தெரியும் உனக்கு?"

"போட்டோ வந்த அன்னிக்கே."

"ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"நீ சொல்லுவன்னு இருந்தேன்." சீதாலெட்சுமி பந்தை அழுத்திப் பார்த்தாள். "வலிக்குதா?"

"ரொம்ப." ஷாமினி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உன்ன அன்னிக்கு அப்படிப் பேசினேன் பாரு..."

"பேசின லா. இப்ப போ, கூப்பிடறாங்க."

ஒலிவாங்கியில் சபாபதி முழங்கிக்கொண்டிருந்தார். வலையின் ஒரு பக்கம் ஐந்து மாணவிகள், மறுபக்கம் அடிக்கும் அணி. ஐவருக்கு முன்னால், வலையின் நடுவில், சுவருக்கென்று இடம் விடப்பட்டிருந்தது. ஷாமினி நேராக சபாபதியிடம் போய் ஒலிவாங்கியை வாங்கினாள்.

"அப்பா, அந்த ஆரஞ்சுச் சட்டை கேப்டன் சட்டை இல்ல. பின்னால நின்னு பந்து எடுக்கற ஆளு சட்டை. தடுக்க எனக்கு உயரம் பத்தலன்னு பின்னால போட்டுட்டாங்க. நான்தான் உங்ககிட்ட சொல்லல."

 

"தன்னடக்கம்!" என்று சபாபதி ஒலிவாங்கி இல்லாமலேயே கத்தினார். மண்டபம் இடிந்து விழும்படி கைதட்டியது. முதல் வரிசையில் திருச்செல்வம் மட்டும் தட்டவில்லை. அவர் பேனரை ஒருமுறை பார்த்தார், மகளை ஒருமுறை பார்த்தார். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

வாயால் சொன்னால் இந்த ஊரில் எடுபடாது என்று ஷாமினிக்கு அப்போது புரிந்திருக்க வேண்டும். பின்வரிசையில் நின்ற ஒரு மாணவியை வலைக்கு அனுப்பிவிட்டு, அந்த மூலையில் தான் போய் நின்றுகொண்டாள். "ஏம்மா, நீ முன்னாடி லா!" என்று சபாபதி கையை ஆட்டினார். அவள் முழங்காலை மடக்கிக் குனிந்து தயாரானாள்.

எதிரணிப் பெண்ணொருத்தி ஓங்கி அடித்தாள். பந்து தடுப்பைத் தாண்டி, யாருமில்லாத பக்கவாட்டில் சீறியது. ஷாமினி பாய்ந்தாள். சிமெண்டுத் தரையில் உடம்பு வழுக்கிக்கொண்டு போய், பந்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு கை நுழைந்தது.

"ஐயோ, தலைவி விழுந்துட்டாங்க!" என்றார் சபாபதி.

பந்து மேலே எழுந்தது. ஒரு மாணவி அதைத் தூக்கிவிட, இன்னொருத்தி எகிறி அடித்தாள். புள்ளி. மண்டபம் எழுந்து நின்று அந்தச் சிறுமிக்குக் கைதட்டியது; சபாபதி அவள் பெயரை விசாரித்துக்கொண்டிருந்தார். ஷாமினி எழுந்திருக்கவில்லை. முழங்காலிட்டபடியே, தான் விழுந்த இடத்தில் பட்டிருந்த வியர்வையைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அடுத்து அங்கே ஓடிவரும் பிள்ளைக்குக் கால் வழுக்கிவிடக் கூடாது.