ஏணியில் நின்று திறக்க ஒரு கத்தி

1937 ஜனவரி 27, புதன்கிழமை தேதியிட்ட கார்டு ஒன்று என் முன்னால் இருக்கிறது. எழுதியவர் நாமக்கல்லை அடுத்த வேலூருக்குப் பக்கத்தில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் நாச்சிமுத்துக் கவுண்டர். நாமக்கல் பத்திர ஆபீசில் நான் குமாஸ்தாவாக இருந்த காலத்துச் சிநேகிதர். கார்டில் உள்ளபடியே தருகிறேன்:

"ரைட்டரய்யாவுக்கு நமஸ்காரம். சேலத்தில் ஒரு மடக்குக் கத்தி வாங்கோணும். கெட்டியாக இருக்கோணும், பார்க்கவும் லட்சணமாக இருக்கோணும். இரண்டரை ரூபாய்க்கு மேல் கூடாது. ஏணி மேலே நின்றுகொண்டு நானே திறக்கோணும். சனிக்கிழமை இரும்பு வாங்கமாட்டேன். பிப்ரவரி 12 வெள்ளிக்கிழமையே வந்து சேரவும்."

'நானே' என்பதற்கு அடியில் ஒரு கோடு. 1935 மார்கழியில் கரும்பாலையில் அவருடைய இடது கை மாட்டிக்கொண்டது. கட்டைவிரல் தப்பியது, மற்ற நான்கும் போயின. அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. என் ஊர் கும்பகோணம். வெற்றிலை அங்கேயும் உண்டு. ஆனால் வெற்றிலைக்காக இவ்வளவு தூரம் கத்தி தேடிப் போவேன் என்று நினைத்ததில்லை.

பிப்ரவரி 12, வெள்ளி. காலை 6.20. திருச்சியிலும் ஈரோட்டிலும் வண்டி மாறிச் சேலம் ஜங்ஷனில் இறங்கினேன். தை முடிந்து மாசி பிறக்கும் தறுவாய். சேர்வராயன் மலையின் பாதிக்குமேல் பனி மூட்டம். கவுண்டர் முதல் நாளே வந்து, சூரமங்கலத்தில் ரயில்வேயில் வேலையாக இருக்கும் மைத்துனர் வீட்டில் தங்கியிருந்தார். பிளாட்பாரத்தில் என்னைக் கண்டதும் வலக்கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். இடக்கை தோள் துண்டின் மடிப்புக்குள் இருந்தது.

ஜங்ஷனிலிருந்து ஊருக்குள் மூன்று மைலுக்குச் சற்றுக் கூட இருக்கும். ஜட்கா வாடகை ஆறணா. ஏறி உட்கார்ந்ததும் கேட்டேன், வேலைக்கு ஆள் இருக்கும்போது இவர் ஏன் ஏணி ஏற வேண்டும் என்று.

"ஆளு காசுக்குக் கொடியக் கட்டுவானுங்க, பழைய கட்ட அறுப்பானுங்க. கொடி அவன் சொந்தமில்லீங்களே" என்றார். பிறகு சிரித்தார். "அதவிட எங்கூட்டுக்காரி படுத்தற பாடு பெரும்பாடுங்க. நான் மேல நிக்கறேன், அவ கீழ நிக்கறா. கத்தியத் தொறந்து எட்டிக் குடு பாவாயின்னா குடுக்கமாட்டா."

"ஏன்?"

"கையில கத்தி குடுத்தா சண்டை வருமாமுங்க. தொறந்து கீழ வெப்பா. நான் எறங்கி எடுத்துட்டு மறுக்கா ஏறோணும். மடக்கி இடுப்புல சொருகினாத் தேவைப்படறப்ப தொறக்க முடியாது. தொறந்தே சொருகினா வவுத்தைக் கிழிக்கும். ஒரு நாளைக்கு இருவது தடவை எறங்கி ஏறறனுங்க ரைட்டரய்யா. முழங்கால் போச்சு."

"உறை போட்ட கத்தி ஒன்று கட்டிக்கொள்ளலாமே?"

"அதக் கட்டிட்டுச் சந்தைக்குப் போனா யாரை வெட்ட வாராருன்னு கேப்பாங்க."

ஜட்காக்காரர் திரும்பாமலே சொன்னார்: "எங்கூட்டுலயும் அப்படித்தானுங்க. அரிவாமணையக்கூடத் தரையில வெச்சுத்தான் எடுக்கோணும். அப்பிடியும் சண்டை நிக்கல."

காலை 9.00. கடைவீதியில் இரும்புச் சாமான் கடை ஒன்றுக்குள் நுழைந்தோம். கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடிக்கு ஒரு பக்கம் காம்புக்குப் பதில் நூல். முன்னால் ஒரு நீளப் பலகை. மூன்று கத்திகளை எடுத்து அதன்மேல் வரிசையாக வைத்தார். வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் மூன்றையும் விவரிக்கிறேன்.

முதலாவது சீமைக் கத்தி. வெள்ளை எலும்புப் பிடி, இரண்டு அலகு, விலை மூன்றரை ரூபாய். இரண்டாவது உள்ளூர் வேலை. பித்தளைப் பிடியில் மயில் வெட்டியிருந்தது; ஒரு ரூபாய் இரண்டணா. மூன்றாவது மான்கொம்புப் பிடி, ஒரே அலகு, கயிறு கோக்க வளையம்; இரண்டு ரூபாய் நாலணா. அலகில் ஒரு நட்சத்திர முத்திரை. எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்டதற்கு, "நல்ல ஊருங்க" என்றார் கடைக்காரர்.

அழகில் மயில்தான் முதல். ஆனால் கடைக்காரர் தாமே அதைத் திறந்து, நுனியைப் பலகையில் ஊன்றி லேசாக அழுத்திக் காட்டினார். அலகு பின்னால் மடங்கத் தொடங்கியது.

"பென்சில் சீவலாம். வேலைக்கு ஆவாது" என்றார். அலகைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்க வேண்டும், மடக்கி வெளிச்சத்தில் பிடித்து இடுக்குப் பார்க்க வேண்டும், திறக்கும்போது பிடிக்குள் இருக்கும் வில் அடிக்கும் சத்தம் ஒரே சத்தமாக இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். "இந்த மான்கொம்பை எடுத்துத் தொறந்து பாருங்க கவுண்டரே."

கவுண்டர் அசையவில்லை. கை துண்டுக்குள்ளேயே இருந்தது. கடையில் இன்னும் இரண்டு பேர் ஆணி வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவருக்குச் சங்கடம் வேண்டாம் என்று நான் ஒரு காரியம் செய்தேன். கத்தியை எடுத்து, திறந்து, அவரிடம் நீட்டினேன்.

"ஐயோ, கையில குடுக்காதீங்க சாமி!" என்று கடைக்காரர் பலகையைத் தட்டினார். "கீழ வையுங்க! ரெண்டு பேருக்கும் ஆவாமப் போயிரும்."

ஆணி வாங்கியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கவுண்டரின் முகம் கறுத்தது. வழக்கத்தை நான் மீறியதற்காக அல்ல என்பது எனக்குத் தெரிந்தது. எந்தக் கத்தியைத் தாமே திறக்க வந்தாரோ, அதை நான் திறந்துவிட்டேன். கத்தியை மடக்கிப் பலகையில் வைத்தேன்.

அவர் துண்டை விலக்கி இடக்கையை எடுத்துக் கத்திக்குப் பக்கத்தில் வைத்தார்.

"கரும்பாலைங்க" என்றார்.

கடைக்காரர் கையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "முன்னாடியே சொல்ல வேண்டாமுங்களா?" என்று சத்தம் போட்டார். "ரெண்டு கைக்காரங்களுக்குக் காட்டறதையே நான்பாட்டுக்குக் காட்டிட்டு இருக்கறேன்!"

அடுத்து அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பொட்டலம் கட்டும் சணலை எடுத்து, தம்முடைய இடது கையில் கட்டைவிரலை விட்டு மற்ற நான்கு விரல்களையும் மடக்கி, பல்லால் முடிச்சை இழுத்துக் கட்டிக்கொண்டார். ஆணி வாங்க வந்தவர்களைப் பார்த்து, "செத்த இருங்க, கைவேலை இருக்குது" என்றார். ஒவ்வொரு கத்தியாகத் தாமே திறக்க முயன்றார்.

சீமைக் கத்தி மூன்று தடவையும் வழுக்கிப் பலகையில் விழுந்தது. "எலும்பு வழவழன்னு இருக்குது. பாக்கத்தான் லட்சணம்" என்று அதைப் பெட்டியில் போட்டார். மான்கொம்பின் சொரசொரப்பு உள்ளங்கையில் நின்றது. கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டு, வலக்கை நகத்தை அலகின் குழியில் கொடுத்து இழுத்தார். நாலாவது தடவை 'டக்' என்று திறந்தது. ஆணிக்காரர்களில் ஒருவர், "முதலாளி, இனிமே கட்டை அவுக்காதீங்க, ஒரு கையே போதும் போல" என்றார்.

"இப்ப நீங்க" என்று கடைக்காரர் கத்தியைப் பலகையில் வைத்தார்.

கவுண்டர் எடுத்தார். பிடி நின்றது, நகம்தான் நிற்கவில்லை. கொடிக்கால் வேலையில் தேய்ந்த நகம். இரண்டு தடவை வழுக்கியது.

"பல்லு போடுங்களேன்" என்றார் ஆணிக்காரர்.

"எலும்பு கடிக்கற நாயா நானு?"

கடைக்காரர் கத்தியை வாங்கி (பலகை வழியாகத்தான்) அரத்தால் நகக் குழியை நீளமும் ஆழமுமாக்கினார். பிறகு மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பேசிக்கொண்டே திறந்தும் மடக்கியும் அரை மணி நேரம் பழக்கினார். அரம் பட்ட இடம் பளபளவென்று தெரிந்ததில் அழகு கொஞ்சம் குறைந்தது உண்மை. அடுத்த முறை கவுண்டர் நகத்தைக் கொடுத்ததும் அலகு அசைந்தது, பாதியில் நின்றது, பிறகு திறந்தது. விலை இரண்டு ரூபாய் இரண்டணாவுக்கு முடிந்தது. அரம் பிடித்ததற்குக் கூலி எவ்வளவு என்று கேட்டேன்.

"அதுக்குக் கூலி வாங்கினா என் கைக்கட்டு அவுறாதுங்க" என்றார் அவர். உண்மையாகவே சணல் இன்னும் கையில் இருந்தது.

பகல் 1.30. நாமக்கல் பஸ். சேலத்திலிருந்து நாமக்கல் சுமார் முப்பத்துமூன்று மைல்; கட்டணம் ஆளுக்குப் பன்னிரண்டணா. நாங்கள் ஏறியது புது வண்டி என்று டிரைவர் பெருமையாகச் சொன்னார். ராசிபுரத்தில் நெய் டின்னோடு ஒரு வியாபாரி ஏறிக் கவுண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வளையத்தில் புதிதாகக் கட்டியிருந்த சிவப்புக் கயிறு அவர் கண்ணில் பட்டது.

"கத்தி புதுசுங்களா? தொறங்க, பாக்கலாம்."

கவுண்டர் எடுத்தார். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. நகம் வழுக்கியது. மறுபடியும் வழுக்கியது. நெய் வியாபாரிக்கு இப்போதுதான் அந்தக் கை தெரிந்தது. "குடுங்க, நான் தொறக்கறேன்" என்று நல்ல மனதோடு கையை நீட்டினார்.

"கையில குடுக்கற சாமானில்லீங்க இது" என்று சொல்லிக் கவுண்டர் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டார். நாமக்கல் மலைக்கோட்டை தெரியும்வரை எனக்குள் ஒரே கணக்குத்தான் ஓடியது: கடைப் பலகையில் நின்றது, ஆடும் வண்டியில் நிற்கவில்லை, ஏணியும் ஆடும்.

அங்கே வண்டி மாறி வேலூர் போய்ச் சேர்ந்தபோது இருட்டியிருந்தது. பாவாயி அம்மாள் கத்தியைத் தரையில் வைக்கச் சொல்லி எடுத்துப் பார்த்தார்கள். "மயில் போட்டது ஒண்ணுமில்லீங்களா?" என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி.

பிப்ரவரி 13, சனி. காலை 6.45. மூவரும் கொடிக்காலுக்குப் போனோம். வரப்பிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். கோயிலுக்குள் போவதுபோல்தான் போகிறார்கள். உள்ளே வெயில் இல்லை. அகத்தி மரங்கள் வரிசை வரிசையாக நிற்க, அவற்றைச் சுற்றி வெற்றிலைக் கொடி ஆள் உயரத்துக்கு மேல் ஏறியிருக்கிறது. வளர வளரக் கொடியை மரத்தோடு நாரால் கட்டிக்கொண்டே போக வேண்டும். பழைய கட்டை அறுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் காற்றில் கொடி சரியும். கும்பகோணத்தில் கவுளி கவுளியாக வெற்றிலை வாங்கி மென்று தீர்த்த நான், இந்தக் கட்டுகளைப் பற்றி அதுவரை ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

கவுண்டர் மூங்கில் ஏணியைச் சாய்த்தார். கத்தியை இடுப்பில் செருகினார். ஏறாமல் என்னைப் பார்த்தார்.

"ரைட்டரய்யா, தப்பா நெனைக்காதீங்க. வாய்க்காலுப் பக்கம் போயி உக்காருங்க. வெளியாளு பாத்துட்டு நின்னா இந்த வெரலு சொன்ன பேச்சுக் கேக்கறதில்ல."

போனேன். நோட்டுப் புத்தகம் கையில் இருந்தது. எழுத ஒன்றும் இல்லை. ஏணி கிரீச்சிடுவது கேட்டது. பிறகு வெகு நேரம் சத்தமே இல்லை. என் கடிகாரத்தில் நாலு நிமிஷம். அறுந்த நார் ஒன்று இலைகளுக்கு ஊடே விழும் சலசலப்பு வந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

காலை 9.15. அவர் வாய்க்காலுக்கு வந்து கத்தியைக் கழுவி, வேட்டியில் துடைத்தார். பின்னாலேயே பாவாயி அம்மாள் வந்தார்கள்.

"ஒரு தடவைகூட எறங்கலீங்க ரைட்டரய்யா" என்றார் கவுண்டர்.

"பொய்யி" என்றார்கள் அம்மாள். "ரெண்டு தடவை எறங்கினாரு. முதல் தடவை தொறக்க வராம எறங்கினதுங்க."

"அது நாரு எடுக்க எறங்குனது!"

"நாரு மேலயே தொங்குச்சு, நானே கட்டி உட்டது."

"உனக்கு நான் தொறந்ததுதான் பொறுக்கல."

"எனக்கென்ன, முழங்கால் உங்களுது."

வரப்பில் செருப்பு மாட்டும்போதும், வண்டிப் பாதையில் நடக்கும்போதும் சண்டை ஓயவில்லை. இரண்டு பேர் குரலிலும் கோபத்தைவிட வேறொன்று கூடுதலாக இருந்தது. பத்து மணி பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டு அம்மாள் ஜன்னல் வழியாக ஒரு கவுளி வெற்றிலையைக் கையிலேயே கொடுத்தார்கள். வண்டி புறப்படும்போது கவுண்டர் ஒரு விரலை உயர்த்தி ஆட்டி 'ஒன்றுகூட இல்லை' என்று காட்டினார். அம்மாள் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து இரண்டு விரல் காட்டினார்கள்.

முன்பெல்லாம் நாளைக்கு இருபது தடவை. பிப்ரவரி 13, காலை 6.45 முதல் 9.15 வரை இறங்கியது பூஜ்யமா, இரண்டா என்பதை நான் நேரில் பார்க்கவில்லை. ஊர் திரும்பி எழுதிக் கேட்டதற்கு இருவரும் தனித்தனிக் கார்டில் தாங்கள் அன்று சொன்ன எண்ணிக்கையையே எழுதியிருக்கிறார்கள். ஆகவே அது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.