பைப்பை இழுப்பது போல இழுத்தேன்

போர்வெல்லுக்குள் கெட்டுப்போன மோட்டாரைப் பைப்போடு மேலே இழுப்பது என் தொழில். சரிசெய்து மறுபடி இறக்குவோம். அதற்கு மூன்று வார்த்தை போதும். பிடி, இழு, விடு. வீட்டிலும் நான் அதற்கு மேல் பேசுவதில்லை என்பாள் என் மனைவி.

போன மாதம் அவள் கார் லைசென்ஸ் எடுத்தாள். மதுக்கரையில் இருக்கும் அவள் அண்ணன் போனில் சிரித்தார்.

"லைசென்ஸை வெச்சு என்ன பண்ணப் போறே அம்மணி? பஸ் கண்டக்டர்கிட்டக் காட்டுவியா?"

"வர்ற ஞாயித்துக்கெழமை நானே ஓட்டிட்டு வாரேன். வாசல்ல நின்னு பாருங்கண்ணா."

சொல்லிவிட்டாள். எங்கள் கார் பழையது. வியாழக்கிழமை அவள் ஓட்டிப் பழகும்போது, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் இடது முன்சக்கரத்தில் கடகடவென்று சத்தம் வந்தது. குனிந்து பார்த்தேன். கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு, டிரைவ் ஷாஃப்ட், அதன் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் எல்லாம் வெளியே தெறித்திருந்தது.

மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். "ஷாஃப்டையே மாத்தோணுமுங்க. அடுத்த வாரந்தான் ஆகும். அதுவரைக்கும் தூரமா ஓட்டாதீங்க" என்றார்.

அவள் ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைத்திருந்த சேலையை மடித்துப் பீரோவில் வைத்தாள். அதைப் பார்த்துவிட்டு, "நான் மாத்தறேன்" என்றேன். அதுவரை காரில் நான் செய்த பெரிய வேலை பஞ்சர் சக்கரத்தைக் கழற்றியதுதான்.

புது ஷாஃப்ட் வாங்கிவந்தேன். மெக்கானிக்கிடம் மாற்றும் வழி கேட்டேன். பாதிதான் காதில் ஏறியது.

சனிக்கிழமை காலை வாசலில் ஆரம்பித்தோம். சக்கரத்தின் நடுவில் ஒரு பெரிய நட்டு. கார் தரையில் நிற்கும்போதே அதைத் தளர்த்த வேண்டும். அவள் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்தாள். நான் ஸ்பேனர் மேல் ஏறி நின்றேன். அசையவில்லை. வேலைக்குக் கொண்டுபோகும் இரும்புப் பைப்பை ஸ்பேனரில் சொருகினேன்.

"பிடி."

"பிடிச்சுட்டுத்தானுங்க இருக்கறேன். காலே மரத்துப்போச்சு."

படீரென்று நட்டு விட்டது. அவள் ஹாரனை அடித்தாள். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லீங்கக்கா, நட்டு கழண்டுச்சு!"

ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்தேன். சக்கரம் வந்தது. கீழே இருந்த போல்ட்டை எடுத்து, சக்கரம் உட்காரும் ஹப்பைச் சாய்த்ததும் ஷாஃப்டின் வெளிமுனை வந்துவிட்டது. உள்முனை கியர்பாக்ஸில் இருந்தது. எனக்குத் தெரிந்த வேலை இழுப்பது. இரண்டு கையாலும் பிடித்து, காலை உதைத்து, பைப்பை இழுப்பது போல இழுத்தேன்.

வந்தது. நான் மல்லாந்து விழுந்தேன். மார் மேல் ஷாஃப்ட். அதன் முனையில் மூன்று உருளை, என் முகமெல்லாம் கிரீஸ். அந்த உருளைகள் உட்காரும் கிண்ணம் மட்டும் கியர்பாக்ஸிலேயே நின்றுவிட்டது.

உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன். மறுபடி மெக்கானிக்குக்குப் போன் செய்தேன்.

"இழுத்துட்டீங்களா? அதை இழுக்கக் கூடாதுங்க, நெம்போணும்! கடப்பாரையை விட்டு அந்தக் கப்பைப் பைய நெம்புங்க. எப்படியும் தூக்கிப் போடற ஷாஃப்ட்தானுங்களே. ஒண்ணும் கெட்டுப்போகல."

போனை அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, எத்தனை அடி ஆழத்துல இருந்துச்சு?" என்றாள். சிரித்துச் சிரித்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நெம்பினேன். கிண்ணம் கழன்றது. பின்னாலேயே எண்ணெய் கொட்டியது.

"பிடி! பிடி!"

கைக்குக் கிடைத்த அண்டாவை ஏந்தினாள். பிடித்த பிறகுதான் பார்த்தாள்.

"ஐயோ, என்ற அம்மா ஊட்டுச் சீருங்க இது!"

புது ஷாஃப்டை மாட்டுவது எளிது. அவள் ஹப்பைச் சாய்த்துப் பிடித்தாள். நான் நேராக வைத்து ஒரே தள்ளு. உள்ளே டக்கென்றது. அந்தச் சத்தம் இருவருக்கும் கேட்டது. எல்லாவற்றையும் பூட்டி, சக்கரத்தை மாட்டி, இறக்கி, பெரிய நட்டைப் பைப் போட்டு முறுக்கினேன். சாவியை எடுத்தேன்.

"ஏனுங்க, இத்தனை எண்ணெய் வெளிய வந்துச்சே. உள்ள ஒண்ணும் வேண்டாமுங்களா?"

நான் சாவியை வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். அவள் கேட்டிருக்காவிட்டால் கியர்பாக்ஸ் பாதி வழியில் போயிருக்கும். புது எண்ணெய் ஊற்றி முடிக்கையில் மணி நான்கு.

ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊர் சூலூரில் சர்ச் பூசை முடிந்ததும் அவள் ஓட்டினாள். பீரோவுக்குப் போன சேலையைக் கட்டியிருந்தாள். நான் பக்கத்தில். ஒவ்வொரு வளைவிலும் காதை வைத்துக் கேட்டேன். டயர் உருளும் சத்தம் மட்டும்தான்.

மதுக்கரையில் அவள் அண்ணன் வாசலில் நின்றிருந்தார். நேராக நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, பின்னால் போய், முன்னால் வந்து, தெருவிலேயே காரைத் திருப்பினாள். இன்னொரு தடவையும் திருப்பினாள். சத்தமே இல்லை.

"போதும் அம்மணி, எறங்கு. ஒத்துக்கறேன்" என்றார் அண்ணன். பிறகு என்னிடம், "காரை யாருங்க மாப்ள வேலை பார்த்தது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்.

"போர்வெல்காரர்ண்ணா. இழுத்தே எடுத்துப்போட்டாரு."