அரிசி டப்பாவில் இருந்த கடையாணி

பாக்கியநாதன் சார் போய்விட்டார் என்ற செய்தியை வாசல் கேட்டில் நிற்கும் காவலாளிதான் இன்டர்காமில் சொன்னான். "அம்மாஜி, சாம்னேவாலே மதராசி அங்கிள் நஹீ ரஹே" என்றான். நான் நம்பவில்லை. தண்ணீர் வராது என்று அவன் சொன்ன நாளெல்லாம் தண்ணீர் வந்திருக்கிறது. ஆளை மாற்றிச் சொல்கிறானோ என்ற சந்தேகத்தோடு எதிர் டவருக்குப் போனேன். வாசலில் நிறையச் செருப்புகள். நடுவில் அவருடைய பழுப்புச் செருப்பும் கிடந்தது. ஆள் வீட்டில்தான் இருக்கிறார், இந்தப் பயல் புளுகியிருக்கிறான் என்று ஒரு நொடி தேறினேன். அதற்குள் அவருடைய மகள் ஸ்டெல்லா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆன்ட்டி, காலையில அப்பா எந்திரிக்கவே இல்ல" என்றாள்.

ஸ்டெல்லா நினைவு மலர் போடுகிறாள். எங்கள் தில்லி கிட்வாய் நகரில் அவரைத் தெரிந்தவர்கள் எல்லாரும் எழுதுகிறார்கள், நீங்களும் எழுதுங்கள் என்றாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் என் கையெழுத்தை இன்றுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை. அவர் நல்லவர் என்று மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். அவரைப் பற்றி நீங்கள் எல்லாரும் தவறாக நம்பிக்கொண்டிருக்கும் ஒன்றைத் திருத்தத்தான் நான் எழுதுகிறேன்.

என் பேத்தி நிவேதா சைக்கிள் பந்தயக்காரி. எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் பாத்திரத்துக்கு இடம் இல்லை, பதக்கம்தான் இருக்கிறது. சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமும் இல்லை. விடியற்காலையில் அவள் பயிற்சிக்குப் போகும் சாலை நொய்டாவைத் தாண்டி இருக்கிறது. அதுவரைக்கும் சைக்கிள் காரில் போக வேண்டும். சக்கரத்தைக் கழற்றிப் பின்சீட்டில் திணித்துத் திணித்து, என் மகன் சேகரின் ஆபீஸ் சட்டையெல்லாம் சங்கிலி எண்ணெய். கடைசியில் காருக்குப் பின்னால் மாட்டும் ரேக் ஒன்று வாங்கலாம் என்று முடிவு செய்தான்.

அப்போதுதான் பாக்கியநாதன் சார் உள்ளே வந்தார். நாங்கள் அவரை அழைக்கவில்லை. பார்க்கிங்கில் சேகர் போனில் யாரிடமோ பேசியதைக் கேட்டுவிட்டுத் தானாக வந்தார். "தம்பி, நான் ரயில்வேயில பொட்டியும் பொட்டியும் கோக்கிற இடத்தைப் பாத்துக்கிட்டே ரிட்டயர் ஆனவன். இதுவும் அதே சமாச்சாரந்தான்" என்றார். ரயிலுக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம், இந்த மனுஷனுக்கு இதில் என்ன வரப்போகிறது என்று எனக்கு அன்றே உறுத்தியது.

டிக்கிக் கதவில் பட்டை போட்டுக் கட்டும் ரேக்கை சேகர் காட்டினான். "கட்டுத பட்டை தளந்தா உமக்குத் தெரியாது, பின்னால வாரவனுக்குத்தான் தெரியும்" என்று தள்ளிவிட்டார். கார் கூரைமேல் வைப்பது என்றதும் மேலே கையைக் காட்டினார். எங்கள் அடித்தளப் பார்க்கிங்கின் உத்தரம் தலைக்குமேல் தாழ்ந்து நின்றது. ஒருநாள் மறந்து உள்ளே நுழைந்தால் சைக்கிள் அப்பளம். ஆகவே வண்டிக்கு அடியிலிருந்து ஒரு சதுரக் குழாயை நீட்டி, அதற்குள் ரேக்கின் தண்டைச் செருகும் வகைதான் மிஞ்சியது. அந்தக் குழாய்க்கு ஹிட்ச் என்று பெயர். நம் ஊர்க் கார்களோடு அது வருவதில்லை. தனியாகப் பொருத்த வேண்டும்.

கரோல் பாக்கில் ஒரு கடைக்குப் போனோம். நானும் போனேன். வீட்டில் ஒருவராவது விழிப்பாக இருக்க வேண்டாமா? கடைக்காரன், "ஏக்தம் ஃபிட், ஆன்ட்டிஜி. லைஃப்டைம் கேரண்டி" என்றான். பாக்கியநாதன் சார் இந்திச் செய்தித்தாளைத் தரையில் விரித்து, வெள்ளைச் சட்டையோடு மல்லாந்து, மாதிரிக்கு நிறுத்தியிருந்த வண்டிக்கடியில் போனார். அவருடைய கால் மட்டும் வெளியே தெரிந்தது. திரும்பி வந்து, "பம்பரோட போட்டிருக்கான் அக்கா. வண்டியோட எலும்புல போடணும். வாங்க போவோம்" என்றார். இரண்டாவது கடையிலும் இதே கதை. மூன்றாவது கடையில் சரி என்றார். எனக்குச் சுருக்கென்றது. மூன்றாவது கடையில் இவருக்குக் கமிஷன் இருக்கும் என்று சேகரின் காதில் சொன்னேன். அது அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். "ஆமா அக்கா, கமிஷன் ஒரு கிளாஸ் சாயா. உங்களுக்கும் சொல்லியிருக்கேன்" என்றார். அந்தத் தேநீரையும் நான் மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தேன்.

சைக்கிளைத் தொங்கவிடும் ரேக் கூடாது, இரண்டு சக்கரமும் தட்டில் நிற்கும் ரேக்தான் வேண்டும் என்றார். நிவேதாவின் சைக்கிள் கார்பனில் செய்தது. நடுத்தண்டைப் பிடித்து நெரித்தால் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடுமாம். மாட்டிய பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, புகைக்குழாய்க்கு நேரே உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார். "இந்தச் சூடு பின்சக்கர டயர்ல நேரா அடிக்குது. ஜெய்ப்பூர் போறதுக்குள்ள உருகிரும்" என்று சைக்கிளைத் திருப்பி வைத்தார். நம்பர் பிளேட்டும் சிவப்பு விளக்கும் மறைந்துபோவதைக் காட்டி, இரண்டிலும் இன்னொன்றை ரேக்கின்மேல் போடவைத்தார். புறப்பட்டுப் பத்துக் கிலோமீட்டரில் ஓரங்கட்டி மறுபடி இழுத்துப் பார்க்க வேண்டும் என்றார். "பாத்தது போதாது, தொட்டது போதாது, இழுக்கணும்." இதை அவர் வாயால் கேட்காதவர் இந்தக் காலனியில் இருக்க முடியாது.

குழாய்க்குள் செருகிய தண்டு உருவிக்கொண்டு வராமல் இருக்க, குறுக்கே ஒரு இரும்பு முளை போட்டு, அதன் நுனியில் ஒரு கம்பி வளையம் மாட்டுவார்கள். மாட்டுவண்டிச் சக்கரம் கழலாமல் செருகுவதுபோலவே இருந்ததால் நான் அதைக் கடையாணி என்றேன். அவரும் அப்படியே சொல்ல ஆரம்பித்தார். துரு பிடிக்காமல் இருக்க அதில் கிரீஸ் தடவி வைப்பார்.

இனி சொல்லப்போவதைத்தான் எட்டு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை.

தில்லியில் எனக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. பழைய குவார்ட்டர்ஸில் இருந்தபோது ஸ்டெப்னி போயிற்று, வைப்பர் போயிற்று, துவைத்துக் காயப்போட்ட கால்மிதி போயிற்று. அதனால் எனக்கு ஒரு பழக்கம். எந்தச் சாமானிலும் முக்கியமான ஒன்றை எடுத்து நம்மிடம் வைத்துக்கொண்டால் மீதியைத் திருடுகிறவனுக்குப் பிரயோஜனம் இல்லை. ஊருக்குப் போகும்போது மிக்ஸியின் மூடியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போவேன். அதேபோல் தினமும் சாயங்காலம் நடக்கப்போகிறேன் என்று கீழே போய், அந்தக் கடையாணியை உருவிக்கொண்டு வந்து, கிரீஸைத் துடைத்து, அரிசி டப்பாவில் புதைத்து வைப்பேன். காலையில் அவர்கள் கிளம்பும் முன்பே பால் வாங்கப் போகும் சாக்கில் திரும்பச் செருகிவிடுவேன். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

தில்லி அணிக்கு ஆள் எடுக்கும் பந்தயம் ஜெய்ப்பூர் சாலையில் வைத்தார்கள். அன்று வழக்கத்தைவிட முன்னதாகவே கிளம்ப வேண்டியிருந்தது. நான் எலுமிச்சம்பழச் சாதம் கட்டினேன், விபூதி இட்டேன், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். எல்லாம் செய்தேன். பால் வாங்க மட்டும் போகவில்லை.

"பாட்டி, ஜல்தி! லேட் ஆயிடும்" என்று நிவேதா கத்தினாள். சேகர் வண்டியைக் கிளப்பிவிட்டான். அந்த நேரத்தில் பாக்கியநாதன் சார் மப்ளரைத் தலையில் சுற்றிக்கொண்டு குறுக்கே வந்து நின்றார். "ஒரு நிமிஷம் தம்பி" என்று ரேக்கைப் பிடித்து இழுத்தார். ரேக், தட்டு, அதன்மேல் நின்ற சைக்கிள், எல்லாம் சேர்ந்து ஒரு முழம் வெளியே வந்தது. நெடுஞ்சாலையில் அது நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சைக்கிள் போயிருக்கும். பின்னால் ஸ்கூட்டரில் வருகிறவனும் போயிருப்பான்.

சேகர் இறங்கிப் பார்த்தான். துவாரம் வெறுமையாக இருந்தது. பாக்கியநாதன் சார் பக்கம் திரும்பினான். "நேத்து இதைக் கடைசியா தொட்டது நீங்கதானே அங்கிள்? கிரீஸ் போடணும்னு வந்தீங்களே?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தூணோரம் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஆமா தம்பி. நான்தான் கழட்டுனேன். திருப்பிப் போட மறந்துட்டேன். மேல உங்க வீட்டுல தண்ணி குடிக்க வந்தப்ப வச்சிட்டேன் போல. எடுத்துட்டு வாரேன்" என்றார்.

நானும் அவரோடு லிஃப்டில் மேலே வந்தேன். அடுப்படியில் வந்து நின்று கையை மட்டும் நீட்டினார். நான் அரிசிக்குள் கைவிட்டுத் துழாவி எடுத்துக் கொடுத்தேன். "ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"பிள்ளை இன்னைக்கு ரோட்டைப் பாத்து ஓட்டணும் அக்கா. பாட்டி செஞ்சதுன்னு தெரிஞ்சா அதுக்கு மனசு இங்கதான் கிடக்கும். ரேஸ் முடியட்டும். அப்புறம் நீங்களே சொல்லிருங்க."

நிவேதா இரண்டாவதாக வந்தாள். அணியில் எடுத்துக்கொண்டார்கள். லட்டு வந்தது, ஊரிலிருந்து போன் மேல் போன் வந்தது, பாட்டியின் கண்காணிப்புதான் காரணம் என்று சம்பந்தியே சொன்னார். அந்தச் சந்தோஷத்தில் நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். நாளைக்கும் ஒரு நாளை இருந்தது.

அதற்குள் சேகர் லிஃப்டில் பார்த்தவர்களிடமெல்லாம், "அங்கிளுக்கு மறதி வந்துடுச்சு. வண்டியைத் தொட விடாதீங்க" என்று சொல்லிவிட்டான். உங்களில் பலர் அதைக் கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு டயரில் காற்று குறைந்தாலும் அவரைக் கூப்பிடுவதை நிறுத்தினீர்கள். அவர் பார்க்கிங் சுவரோரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, எங்கள் ரேக்கைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். கிட்டே வரமாட்டார்.

என்னிடம் காப்பி குடிக்க வருவதை மட்டும் நிறுத்தவில்லை. சேகர் ஆபீஸ் போன பிறகு வருவார். இந்த மனுஷன் ஏதோ கேட்கத்தான் வருகிறார் என்று நான் ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன். ஸ்டெல்லா வேலை பார்க்கும் இடத்தில் டூட்டி மாற்றவா, சேகரிடம் ஏதாவது சிபாரிசா? இப்படி ஒரு பிடியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பார்களா? பொறுக்க முடியாமல் ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"சார், உங்களுக்கு என்னதான் வேணும்? நேரா சொல்லுங்க."

அவர் டம்ளரைப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் சீனி" என்றார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அது நான்தான் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "நான் போட்ட கிரீஸ் தினம் காணாமப் போச்சு. ஒருநாள் கடையாணியில ஒரு அரிசி ஒட்டியிருந்துச்சு. முதல்ல எனக்கே புத்தி பிசகிட்டோன்னு என்னையத்தான் சந்தேகப்பட்டேன். அதான் தினம் விடியக்காலை இறங்கி வந்து இழுத்துப் பாத்தேன்" என்றவர், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கடையாணியை எடுத்துட்டா ரேக்கைத் திருடுறது இன்னும் லேசுல்லா அக்கா?" என்று கேட்டார். அது எனக்குத் தோன்றியதே இல்லை. வீட்டில் சொல்லிவிட்டீர்களா என்று மட்டும் அவர் கடைசிவரை கேட்கவில்லை.

நிவேதா தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அதனால் இதை அவளுக்கும் சேகருக்கும் நானே உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். சேகர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான். நிவேதா, "பாட்டி, அவர் சுவர்கிட்ட நிப்பார் இல்ல, நான் ஒரு தடவைகூட பை சொல்லலை" என்றாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகவே, அவரைத் தெரிந்தவர்களே, பாக்கியநாதன் சாருக்கு மறதி இல்லை. எதையும் எங்கேயும் அவர் வைத்துவிட்டு மறக்கவில்லை. மறந்தவள் நான். மறைத்தவளும் நான்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். பிறர் கையைச் சந்தேகப்படும் முன்னால் என் கையைச் சந்தேகப்படுவது. ஞாயிற்றுக்கிழமை நிவேதாவோடு கீழே போய், நானே ரேக்கைப் பிடித்து மூன்று முறை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. கடையாணி அதன் துவாரத்தில் இருந்ததைக் கண்ணால் பார்த்தேன், விரலால் தொட்டேன். வண்டி போனது. மேலே வந்தேன். மனசு கேட்கவில்லை. அரிசி டப்பாவைத் திறந்து அடிவரைக்கும் கைவிட்டுத் துழாவினேன்.

அரிசிதான் இருந்தது.