சொர்ணலதாக்காவின் பாஸ்வேர்ட்

தேனியில் எங்கள் நூல் மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்தது எண்பத்தெட்டில். அதற்கென்று ஏ.சி. போட்ட ஓர் அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சம்பளக் கணக்கு முழுவதும் அதற்குள் போனது. அதை இயக்க சொர்ணலதாக்காவை உட்கார வைத்தார்கள். பக்கத்து அறையில் டைப் அடித்துக்கொண்டிருந்த எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

சொல்லிக்கொடுக்க வந்த மதுரை இன்ஜினியர், "யார்கிட்டயும் எப்பவும் சொல்லாத ஒரு வார்த்தையை பாஸ்வேர்டா வைங்கம்மா" என்றார். அக்கா யோசிக்கவே இல்லை. எங்களைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுத் தட்டினாள். "இது என் வாயிலருந்து வரவே வராது சார்" என்றாள். பூட்டு என்றால் இதுவல்லவா திண்டுக்கல் பூட்டு என்று மேனேஜர் வைகுண்டராஜ் மெச்சிக்கொண்டார்.

அக்காவுக்குச் சொந்த ஊர் கம்பம். கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே புருஷன் ஏலத்தோட்ட வேலைக்கென்று குமுளி ஏறிப் போய், அங்கேயே வேறொருத்தியோடு குடும்பமாகிவிட்டார். பிள்ளை இல்லை, பெற்றவர்களும் போய்விட்டார்கள். பழனிசெட்டிபட்டியில் ஒற்றை அறையில் தனியாக இருந்தாள். என் மகளோடு தீபாவளிப் பலகாரம் கொடுக்கப் போகும்போதுகூட அவள் வீட்டு வாசலில் இன்னொரு ஜோடிச் செருப்பை நான் பார்த்ததில்லை. யாராவது பரிதாபப்பட்டால், "அந்த ஆளை எப்பவோ தலைமுழுகியாச்சு" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லுவாள். அந்தப் பேச்சு ஒன்றுதான் அவளை எங்கள் நடுவில் தலைநிமிர்ந்து நடக்க வைத்தது.

புருஷன் பேர் சுருளியாண்டி. எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பேரைச் சொல்ல மாட்டார்கள். இவள் அதற்கும் ஒரு படி மேலே. சுருளி அருவிக்குப் போனால் கண்டக்டரிடம், "அருவிக்கு ஒரு டிக்கெட்" என்பாள். தலைமுழுகினவளுக்கு இந்தப் பத்தியம் எதற்கு என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கடித்துக் குதறியிருப்பாள்.

பங்குனியில் டைபாய்டு வந்து படுத்துவிட்டாள். சம்பள நாள் நெருங்கிவிட்டது, கம்ப்யூட்டர் பெட்டியைத் திறக்க ஆளில்லை. மேனேஜர் என்னை அவள் வீட்டுக்கு அனுப்பினார்.

"பாஸ்வேர்டைக் கேட்டுட்டு வரச் சொன்னாகக்கா."

"சொல்ல முடியாதுத்தா."

"வாயால வேணாம், சீட்டுல எழுதிக் குடுங்க."

"அதெல்லாம் ஆகாது. நானே வந்து தொறக்கேன்."

எழுந்தவள் சுவரைப் பிடித்தபடியே சரிந்தாள். படுக்க வைத்தேன். "யாரும் பாக்கக் கூடாதுத்தா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதும் என் மண்டையில் ஏறவில்லை.

மில்லில் வந்து நடந்ததைச் சொன்னேன். ஸ்டோர் கிளார்க் ராக்கப்பன் தாடையைச் சொறிந்தார்.

"வாயில வராத வார்த்தைன்னு அன்னைக்குச் சொல்லுச்சுல்ல? அதுக்கு எது வாயில வராதுன்னு ஊருக்கே தெரியுமேப்பா."

ஒற்றை விரலால் ஆங்கிலத்தில் சுருளியாண்டி என்று அடித்தார். முதல் தடவையிலேயே திறந்துகொண்டது. திண்டுக்கல் பூட்டாம், பூட்டு! ஆனால் யாரும் சிரிக்கவில்லை. தலைமுழுகின ஆளை அவள் தினமும் காலையில் விரலால் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ராக்கப்பன் எழுந்து வெளியே போய்விட்டார்.

உடம்பு தேறி வந்தவள், "யாரு தொறந்தா?" என்று கேட்டாள்.

"மதுரையிலருந்து இன்ஜினியர் வந்தாக" என்றார் மேனேஜர், சுவரைப் பார்த்துக்கொண்டு. "இனிமே வேற பாஸ்வேர்ட் வச்சிருங்கம்மா."

அக்கா எங்கள் முகங்களைப் பார்த்தாள். ராக்கப்பன் தலையைக் குனிந்துகொண்டார். அவளுக்குப் புரிந்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

மத்தியானம் சாப்பிடக் கூப்பிடப் போனேன். கையை மடியில் வைத்துக்கொண்டு பெட்டி முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"வேற ஒரு பேரும் தோண மாட்டேங்குதுத்தா. எனக்குன்னு ஆரு இருக்கா?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒம்மக பேரை வச்சுக்கிடவா?" என்று கேட்டாள்.

பாஸ்வேர்டை இன்னொருத்தரிடம் கேட்டு வைப்பது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று அந்த இன்ஜினியர் இருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பார்.

"வச்சுக்கங்கக்கா" என்றேன்.